தகரக் கத்தரி: மழை ஊரில் மெல்லிய தகடு வெட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளில் தகடு இல்லாத மூலை இருக்காது. இறவாரத்தில் மழைநீர் ஓடும் பாத்தி, மோட்டாருக்கு மேலே மூடி, தென்னையில் எலி ஏறாமல் கட்டும் பட்டை, ரப்பர் மரத்தில் பால் வடியும் சில்லு, கோழிக்கூட்டின் அடித்தட்டு என்று வருடம் முழுக்க ஏதாவது ஒன்று துருப்பிடித்து மாற்ற வேண்டி வரும். ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் பெய்கிற ஊர் இது. கொல்லங்கோடு, தேங்காப்பட்டணம், குளச்சல் பக்கம் போனால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

இந்த வேலைகளுக்கு ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் தகரக் கத்தரி போதும். கிரைண்டர் இருக்கிற வீட்டிலும் மெல்லிய தகட்டுக்குக் கத்தரியைத்தான் எடுக்க வேண்டும். தகட்டைத் துருவிலிருந்து காப்பது அதன்மேல் இருக்கும் துத்தநாகப் பூச்சு. கிரைண்டர் வட்டு சூட்டில் அறுப்பதால் விளிம்பில் அந்தப் பூச்சு எரிந்துபோகும். வண்ணத்தகடாக இருந்தால் பெயின்டும் கருகும். பறக்கிற தீப்பொறி ஒவ்வொன்றும் சுடச்சுட உள்ள இரும்புத்துகள். அது பக்கத்துத் தகட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்த மழையில் செம்புள்ளியாகத் தெரியும். கத்தரி குளிர வெட்டுகிறது. பூச்சு விளிம்பு வரை அப்படியே நிற்கும், துகளும் பறக்காது. மழை ஊரில் இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

எந்தக் கத்தரி வாங்குவது

கடையில் ‘டின் கட்டர்’ என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். 8, 10, 12 அங்குல நீளங்களில் வரும். வீட்டுக்கு 10 அங்குலம் சரியான அளவு. எட்டில் பிடி குட்டையாக இருப்பதால் கை சீக்கிரம் தளரும். பன்னிரண்டு எடை கூடும், சிறு வளைவுகளுக்குத் தோதுப்படாது.

விலை குறைந்தவற்றிலும் நல்லது கெட்டது உண்டு. முதலில் நடு ஆணியைப் பாருங்கள். இரண்டு அலகையும் சேர்ப்பது போல்ட்டும் நட்டும் என்றால் வாங்கலாம், பின்னால் இறுக்கிக்கொள்ள முடியும். அடித்து மூடிய ரிவெட் என்றால் ஒருமுறை தளர்ந்தால் கத்தரியின் ஆயுள் முடிந்தது. அடுத்து, கத்தரி காய்ச்சி அடித்துச் செய்த கனமான இரும்பா, தட்டையான பட்டையை வளைத்துச் செய்ததா என்று கையில் தூக்கிப் பாருங்கள். பட்டையில் செய்தது வெட்டும்போது பக்கவாட்டில் விரியும்.

அதன்பிறகு மெதுவாகத் திறந்து மூடுங்கள். அடியிலிருந்து நுனி வரை இரண்டு அலகும் ஒரே சீராக உரசிக்கொண்டே வர வேண்டும். நடுவில் விட்டு நுனியில் டக்கென்று சேர்ந்தால் வேண்டாம். ஒரு பாலித்தீன் கவரை நுனியில் வைத்து வெட்டிப் பாருங்கள். சுத்தமாக அறுந்தால் சரி, இடையில் மடிந்து உள்ளே போனால் அடுத்ததை எடுங்கள். கடைசியாக, முழுக்க மூடியபோது பிடிகள் இரண்டும் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று பாருங்கள். தொட்டால் உள்ளங்கைச் சதை நடுவில் சிக்கும். ஒரு விரல் இடைவெளி நிற்க வேண்டும்.

இன்னொரு வகை ‘ஏவியேஷன் ஸ்னிப்’. இரட்டை நெம்புகோல் அமைப்பு என்பதால் அதே கைவலுவில் கூடுதல் தடிமன் வெட்டும். பிடியின் நிறம் அழகுக்காக வைத்ததல்ல. மஞ்சள் நேர் வெட்டுக்கு, சிவப்பு இடப்பக்க வளைவுக்கு, பச்சை வலப்பக்க வளைவுக்கு. வட்டங்களும் ஓட்டைகளும் நிறைய வெட்டுகிறவர் மட்டும் சிவப்பு, பச்சை இரண்டும் வாங்கினால் போதும்.

கேஜ் கணக்கு

தகட்டுக் கடையில் தடிமனைப் பற்றிய பேச்சு கேஜ் எண்ணில் நடக்கும். எண் கூடக் கூடத் தகடு மெலியும். இங்கே புழங்கும் எஸ்.டபிள்யூ.ஜி. (ஸ்டாண்டர்டு வயர் கேஜ்) கணக்கில் 30 கேஜ் 0.31 மி.மீ., 28 கேஜ் 0.38, 26 கேஜ் 0.46, 24 கேஜ் 0.56, 22 கேஜ் 0.71, 20 கேஜ் 0.91, 18 கேஜ் 1.22 மி.மீ.

பத்து அங்குலச் சாதாரணக் கத்தரிக்கு இரும்புத் தகட்டில் எல்லை 22 கேஜ். நிம்மதியாக வெட்டுவது 24-ம் அதற்கு மெலிந்ததும். அலுமினியம் மென்மையானது என்பதால் 1 மி.மீ. வரை போகலாம். எவர்சில்வர் நேர்மாறு. வெட்ட வெட்ட இறுகும் உலோகம் அது, 28 கேஜுக்கு மேல் தடித்ததை இந்தக் கத்தரியில் முயல வேண்டாம். ஏவியேஷன் வகை இரும்பில் 18 கேஜ் வரை தாங்கும்.

ஒரே சோதனை: ஒரு கையால் அமுக்கி வெட்ட முடிகிறதா? முடியாமல் இரண்டு கையும் போட்டால், பிடியில் குழாயைச் செருகினால், கீழே வைத்துக் காலால் மிதித்தால், அந்தத் தகடு இந்தக் கத்தரிக்கானது அல்ல. அப்படி அமுக்கும்போது அலகுகள் பக்கவாட்டில் பிரிந்து, கூர்முனை தகட்டின் மேல் ஏறி மழுங்கும். ஒரே ஒரு வெட்டில் கத்தரி பாழாகிவிடும்.

கம்பி, ஆணி, ஸ்பிரிங், ஆக்சா பிளேடு எதையும் இதில் வெட்டக்கூடாது. ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டையைத் தாங்கும் கம்பியை வெட்டப்போய்த்தான் இந்தப் பக்கம் அதிகம் கத்தரி கெடுகிறது. உருண்டைக் கம்பி அலகில் அரைவட்டமாக ஒரு பள்ளம் போடும். அதன்பிறகு ஒவ்வொரு வெட்டிலும் அதே இடத்தில் தகடு கிழியும். கம்பிக்குக் கட்டிங் பிளேயர் இருக்கிறது.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை எந்தக் கருவியாலும் வீட்டில் வெட்டாதீர்கள். பழைய மாட்டுத்தொழுவக் கூரைகளில் இன்னும் இருக்கும். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு, போன தூசி திரும்பி வராது.

வாங்கி வந்தவுடன்

புதுக் கத்தரி எண்ணெய்ப் பிசுக்கோடு வரும், வெட்டும்போது வழுக்கும். துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு, நடு போல்ட்டில் இரண்டு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள்.

பிறகு இறுக்கம். கத்தரியின் ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டால், அது தன் எடையில் மெல்ல இறங்கி வர வேண்டும். தொப்பென்று விழுந்தால் தளர்வு. நகராமல் நின்றால் இறுக்கம் அதிகம். நட்டைக் கால் திருப்பு திருப்பிவிட்டு மறுபடி பாருங்கள். சரியான இடம் கிடைத்ததும், நட்டுக்குப் பின்னால் இன்னொரு நட்டைப் போட்டு இறுக்கினால் வேலைக்கு நடுவே தளராது. போல்ட்டில் அதற்கு நீளம் இருந்தால் இதை அவசியம் செய்யுங்கள். மலிவுக் கத்தரி ‘வெட்ட மாட்டேங்குது’ என்று ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்குப் போவதில் பெரும்பாலானவை இந்தக் கால் திருப்புக்காகக் காத்திருந்தவை.

கையும் கண்ணும்

வெட்டிய தகட்டின் விளிம்பு சவரக்கத்தி. தோல் கையுறை போட வேண்டும். நூல் கையுறையைத் தகடு அறுத்துக்கொண்டு உள்ளே போகும். துளை போடும்போது மட்டும் கையுறையைக் கழற்றிவிடுங்கள், சுழலும் பிட் அதைச் சுற்றி இழுத்துவிடும். மெல்லிய நறுக்குகள் சுருண்டு தெறிப்பதால் கண்ணாடியும், கீழே விழுவதால் செருப்புக்குப் பதில் ஷூவும் தேவை. குழந்தைகளும் கோழிகளும் நடமாடும் முற்றத்தில் வேலை என்றால் பக்கத்தில் ஒரு பழைய வாளியை வைத்து, விழும் ஒவ்வொரு நறுக்கையும் அப்போதே அதில் போடுங்கள்.

ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் ஆடிக்காற்றில் முழுத் தகட்டைத் தனியாளாகத் தூக்கவே கூடாது. எட்டடித் தகடு காற்றில் பாய்மரம் ஆகிவிடும். காலையில் காற்று எழும்புமுன், இரண்டு பேராக, செங்குத்தாகப் பிடித்துக் கொண்டுபோங்கள்.

வெட்டுப்பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவி, அழுத்திக் கட்டுங்கள். மண்ணும் துருவும் பட்ட காயம், கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் கடந்திருக்கிறது என்றால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

கோடு போடுவது

வெட்டுக்கோட்டைக் கூரான ஆணியாலோ ஸ்க்ரைபராலோ கீறலாம், அந்த இடம் எப்படியும் வெட்டுப்படப் போகிறது. மடிக்கும் கோட்டைக் கீறாதீர்கள். கீறினால் பூச்சு போய், மடிப்பின் முதுகிலேயே துரு தொடங்கும். மடிப்புக்கு மார்க்கர் பேனா. அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சுள்ள பளபளக் கூரைத் தகட்டில் பென்சிலும் கூடாது. பென்சில் கரி, ஈரத்தில் அந்தப் பூச்சை அரிக்கும்.

நீளமான கோட்டுக்கு அளவுகோலைவிட நேரான அலுமினிய சேனல் துண்டு நல்லது. இரண்டு முனையிலும் அளவு வைத்து, நடுவில் ஒருமுறை சரிபார்த்து, ஒரே இழுப்பில் கோடு போடுங்கள். மூலைக்கு மூலைமட்டம் வையுங்கள். கடையில் வாங்கிய தகட்டின் மூலை 90 டிகிரியாக இருக்கும் என்று நம்பி அளக்கத் தொடங்கினால், கடைசியில் மூடி பெட்டியில் உட்காராது.

நேர் வெட்டு

தகட்டை மேசையின் விளிம்பைத் தாண்டி, வெட்டுக்கோடு நான்கு விரல் வெளியே இருக்கும்படி வையுங்கள். மேலே ஒரு பலகையும் இரண்டு ஜி-கிளாம்ப்பும் போட்டால் ஆடாது. வலக்கையில் கத்தரியைப் பிடித்துப் பாருங்கள்: மேல் அலகு எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கத் துண்டுதான் கீழே வளையும். வலக்கைக் கத்தரிகளில் அது வலப்பக்கம். ஆகவே வேண்டாத துண்டு வலப்பக்கமும், வேண்டிய தகடு இடப்பக்கமும் வரும்படி நில்லுங்கள். இதை மாற்றி நின்று வெட்டுகிறவர்களுக்குத்தான் நல்ல துண்டு நெளிந்தும் கழிவுத் துண்டு நேராகவும் வந்து சேருகிறது.

அலகை நன்றாகத் திறந்து, தகடு அலகுகள் சேரும் அடிவரை போகும்படி நுழையுங்கள். வலு அங்கேதான் இருக்கிறது. நுனியால் கடிக்கத் தொடங்கினால் கை வலிக்கும், வெட்டும் நேராகப் போகாது. அலகுகள் தகட்டுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் விளிம்பு ஒருபக்கம் மடங்கும்.

அமுக்கும்போது முக்கால்வாசி மூடியதும் நிறுத்துங்கள். நுனி முழுக்கச் சேரக்கூடாது, கடைசி ஒரு சென்டிமீட்டர் திறந்தே இருக்கட்டும். அப்படியே கத்தரியை எடுக்காமல் முன்னே தள்ளி, மறுபடி அடிவரை நுழைத்து, அடுத்த வெட்டு. ஒவ்வொரு முறையும் முழுக்க மூடினால் நுனி நின்ற இடத்தில் குறுக்காக ஒரு சிறு கிழிசல் விழும். வெட்டு முடிந்து பார்த்தால் விளிம்பு முழுக்க ரம்பப் பல்போல இருக்கும். அந்தப் பல் கையைக் கிழிக்கும், மடிக்கும்போது அங்கிருந்தே விரிசல் விடும். இந்த ஒரு பழக்கம் கைக்கு வந்துவிட்டால் மலிவுக் கத்தரியிலும் பட்டறை வெட்டு வரும்.

வெட்டு முன்னேற முன்னேற, பிரிந்த கழிவுத் துண்டை இடக்கையால் கீழே மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். அது கத்தரியின் மேல் முட்டினால் வெட்டு கோட்டைவிட்டு விலகும். கழிவு அகலமாக, ஒரு சாணுக்கு மேல் இருந்தால் வளைய மறுக்கும். அப்போது கோட்டிலிருந்து 1 செ.மீ. தள்ளி முதலில் பெரிய துண்டை எடுத்துவிட்டு, பிறகு கோட்டின் மேல் இறுதி வெட்டுப் போடுங்கள். ஒரு சென்டிமீட்டர் நாடா சுருள் சுருளாக விலகி வழிவிடும், நல்ல தகடு தட்டையாக நிற்கும்.

தப்பு வரும்போது காரணத்தை விளிம்பிலேயே படிக்கலாம். தகடு அறுபடாமல் இரண்டு அலகுக்கும் நடுவே மடிந்து சிக்கினால் நடு போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது தகடு இந்தக் கத்தரிக்கு மெலிந்துபோனது. போல்ட்டை இறுக்குங்கள். இறுக்கியும் மடிந்தால் முனை மழுங்கியிருக்கிறது. விளிம்பில் ஒழுங்கான இடைவெளியில் பற்கள் இருந்தால் முழுக்க மூடி வெட்டியிருக்கிறீர்கள். ஒரே இடைவெளியில் ஒரே மாதிரி வடு வந்தால் அலகில் பள்ளம் விழுந்திருக்கிறது. வெட்டு தொடர்ந்து ஒரு பக்கமே இழுத்தால் கத்தரி சாய்ந்திருக்கிறது. வலுக்கட்டாயமாகத் திருப்பிக் கோட்டுக்குக் கொண்டுவராதீர்கள். வெளியே எடுத்து, விலகத் தொடங்கிய இடத்துக்குச் சற்றுப் பின்னாலிருந்து புதிதாக நுழையுங்கள்.

நெளித்தகட்டை நீளவாட்டில் வெட்டுவது எளிது, பள்ளத்தின் வழியே போனால் போதும். குறுக்கே வெட்டுவதுதான் பாடு. மேடு ஏறும்போது பிடி தகட்டில் இடிக்கும். ஒன்றிரண்டு மேடு என்றால் சிவப்புப் பிடிக் கத்தரியால் ஒவ்வொரு மேடாக ஏறி இறங்கலாம். நாலைந்து தகடு வெட்ட வேண்டும் என்றால் வாங்குகிற கடையிலேயே அளவு சொல்லி வெட்டி வாங்குங்கள்.

வளைவும் ஓட்டையும்

நேர்க் கத்தரியால் பெரிய வெளிவட்டம் வெட்ட முடியும். தகட்டை முதலில் சதுரமாக வெட்டி, நான்கு மூலையையும் நறுக்கி எட்டுமூலையாக்கி, வட்டத்துக்கு வெளியே ஒரு விரல்கடை விட்டு ஒரு சுற்று வந்து, அதன்பிறகு கோட்டில் இறங்குங்கள். வலக்கைக் கத்தரியில் கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். அப்போது வேண்டிய வட்டம் இடப்பக்கம், கழிவு வலப்பக்கம். கத்தரியைத் திருப்புவதைவிடத் தகட்டைத் திருப்புங்கள். ஒவ்வொரு கடியும் சிறியதாக இருக்கட்டும்.

உள்ளே ஓட்டை என்றால் நேர்க் கத்தரி சரிப்படாது. பாத்தியிலிருந்து 75 மி.மீ. பி.வி.சி. குழாய் இறங்க ஓர் ஓட்டை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குழாயின் வெளிவிட்டமே 75 என்பதால் வட்டத்தை 77 மி.மீ.க்குப் போடுங்கள். உள்ளே இன்னொரு வட்டம் 55 மி.மீ.க்கு. நடுவில் அலகு நுழைகிற அளவு, ஏறக்குறைய 20 மி.மீ., ஒரு வாயைத் திறக்க வேண்டும். நாலைந்து துளை அடுத்தடுத்துப் போட்டு உளியால் இணைத்தால் போதும். கீழே கட்டைவைத்து அடியுங்கள், இல்லாவிட்டால் தகடு குழியும். அங்கிருந்து சுருளாக வெளியே வந்து முதலில் 55-ஐ வெட்டி எடுங்கள். பிறகு கோடு. பச்சைப் பிடி என்றால் கடிகாரத் திசையில், சிவப்பு என்றால் எதிர்த்திசையில். நீர் கசியாத பொருத்து வேண்டுமானால் இதே 77-ஐ நேராக வெட்டாமல், 55-லிருந்து 77 வரை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் கதிர்போல நறுக்கி, அந்த நாக்குகளைக் கீழே மடக்கினால் குழாயைக் கவ்விப் பிடிக்கும். சிலிக்கான் பூசினால் ஒழுகாது.

எண்ணெய் டின்னும் ஜி.ஐ. தகடும்

பழக ஏற்றது 15 கிலோ எண்ணெய் டின். தகடு ஏறத்தாழ 0.3 மி.மீ., கத்தரிக்கு வெண்ணெய். வெந்நீரும் சோடாவும் போட்டுக் கழுவிக் காயவைத்துக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து, பெயின்ட், தின்னர் டின்களைத் தொடவே வேண்டாம். மேல் கீழ் விளிம்புகளில் தகடு பல மடிப்பாகச் சேர்ந்திருப்பதால் அங்கே கத்தரி ஏறாது. விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே உளியால் ஒரு வாய் திறந்து, சுற்றிலும் வெட்டி மேற்பகுதியைக் கழற்றுங்கள். அடியும் அப்படியே. பிறகு நெடுக்கே போகும் மூட்டுக்குப் பக்கத்தில், மூட்டைத் தொடாமல் வெட்டி விரித்தால் ஏறக்குறைய 94 செ.மீ. நீளம், 33 செ.மீ. அகலத்தில் ஒரு தகடு கிடைக்கும்.

ஆனால் இதை மழையில் வைக்காதீர்கள். டின்னில் இருப்பது வெள்ளீயப் பூச்சு. துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். அதனால் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டில் சிறு கீறலோ வெட்டு விளிம்போ உடனே துருப்பிடிக்காது. வெள்ளீயத்தில் இது தலைகீழ். கீறல் விழுந்த இடத்தில் இரும்பு முந்திக்கொண்டு அரிபடும். டின் தகட்டில் புனல், தானிய அள்ளி, மாதிரி வெட்டும் அளவுத்தகடு என்று வீட்டுக்குள் புழங்குவதைச் செய்யுங்கள். வெளி வேலைக்கு ஜி.ஐ.

ரப்பர் சில்லும் வெளி வேலைதான். தோட்டத்தில் இருக்கும் நல்ல சில்லு ஒன்றைக் கழற்றித் தட்டி நிமிர்த்தி, அந்த வடிவத்தை டின் தகட்டில் வெட்டி வைத்துக்கொண்டால், 26 கேஜ் ஜி.ஐ. நறுக்குகளில் அதை வைத்து நூறு வேண்டுமானாலும் வரையலாம். மரத்தில் பதியும் முனை வழவழப்பாக இருக்கட்டும். பிசிறு இருந்தால் அங்கே பால் ஒட்டிக் கட்டியாகி வழியடைக்கும்.

தென்னை எலிப்பட்டை கொஞ்சம் கணக்குக் கேட்கும் வேலை. தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் 40 செ.மீ. அகலப் பட்டை சுற்றுவது வழக்கமான பரிந்துரை. அந்த உயரத்தில் நூலால் சுற்றளவு எடுங்கள். 90 செ.மீ. என்றால், மேற்படிய 5 சேர்த்து 95. மேலும் கீழும் ஒரு சென்டிமீட்டர் மடிக்க, அகலம் 42. 28 கேஜ், 4 அடிக்கு 8 அடித் தகடு 122-க்கு 244 செ.மீ. அதில் முதலில் நீளவாட்டில் 95-ல் ஒரு கோடு போட்டுப் பிரித்து, பெரிய துண்டைக் குறுக்கே 42, 42-ஆக வெட்டினால் 5 பட்டை வரும், 34 செ.மீ. துண்டு மிஞ்சும். பக்கத்தில் 27-க்கு 244 ஒரே நாடாவாக நிற்கும், அது இறவாரப் பாத்திக்கு. தகட்டைத் திருப்பிப் போட்டு வெட்டினால் 4 பட்டைதான் கிடைக்கும்.

பட்டையை மரத்தில் ஆணி அடிக்கக்கூடாது. ஆணிக் காயம் செவ்வண்டுக்கு வாசல். முனைகளில் துளை போட்டு ஜி.ஐ. கம்பியால் முறுக்குங்கள். இன்னொரு காரணமும் உண்டு: வழவழத் தகட்டில் மரமேறுகிறவருக்குக் கால் பிடிக்காது. தேங்காய் வெட்டும் நாளில் ஏணி வைத்து முறுக்கை அவிழ்த்துப் பட்டையை எடுத்துவிட்டு, அப்புறம்தான் அவரை ஏறச்சொல்ல வேண்டும். ஓலைகள் பக்கத்து மரத்தோடு தொட்டுக்கொண்டிருந்தால் பட்டை கட்டியும் பயனில்லை, எலி மேல்வழியே வந்துவிடும்.

விளிம்பை முடிப்பது

வெட்டியதும் சன்ன அரத்தை விளிம்பின் நீளவாக்கில், சற்றுச் சாய்த்து, இருபுறமும் ஓரிரு இழுப்பு இழுத்தால் பிசிறு போய்விடும். குறுக்கே ராவினால் பூச்சும் சேர்ந்து உரியும்.

மடிப்புக்கு இரண்டு ஆங்கிள் இரும்பு போதும். 1 செ.மீ. வெளியே நீட்டியபடி தகட்டை நடுவில் வைத்து, ஜி-கிளாம்ப்பால் இறுக்கி, மரச்சுத்தியால் தட்டுங்கள். ஒரே இடத்தில் 90 டிகிரிக்கு அடித்துவிட்டு நகரக்கூடாது, தகடு அங்கே இழுபட்டு அலையடிக்கும். நீளம் முழுக்க 30 டிகிரி, மறுபடி முழுக்க 60, பிறகு 90. ஆங்கிளை எடுத்துவிட்டு மெல்லத் தட்டி உள்ளே படிய வையுங்கள். அடியில் ஒரு தகட்டு நறுக்கை வைத்து மடித்து, பின்னர் உருவிவிட்டால் மடிப்பின் முதுகு உடையாது. இரண்டு மடிப்புகள் சேரும் மூலையில் முன்கூட்டியே 45 டிகிரியில் நறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் நாலு தகடு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்.

துண்டுகளைச் சேர்க்க 3.2 மி.மீ. அலுமினியப் பாப் ரிவெட், 3.3 மி.மீ. துளை, 5 செ.மீ.க்கு ஒன்று. துளைபோட்ட துகளை உடனே தூரிகையால் தள்ளிவிடுங்கள். ஒரே இரவு ஈரத்தில் அது துருக்கறை ஆகும். செம்புக் கம்பியோ பித்தளைத் திருகோ ஜி.ஐ.யில் சேர்க்க வேண்டாம், துத்தநாகத்தை வேகமாகத் தின்றுவிடும்.

வெட்டு விளிம்புக்கு ஜிங்க் பெயின்ட் இரண்டு கோட். சிறு தூரிகையில் விளிம்பும் அதைச் சுற்றி ஒரு சென்டிமீட்டரும் போதும். முழுத் தகட்டுக்கும் ரெட் ஆக்சைடு அடிக்கிற வழக்கம் இங்கே உண்டு. ஜி.ஐ. மேல் நேரடியாக அடித்த எண்ணெய் பெயின்ட் துத்தநாகத்தோடு வினைபுரிந்து ஓரிரு மழைக்காலத்தில் செதில் செதிலாக உரியும். பெயின்ட் வேண்டுமென்றால் ஜி.ஐ.க்கான எட்ச் பிரைமர் முதலில். கடற்கரைப் பக்கம் மடிப்புக்குள்ளும் ஜிங்க் பெயின்ட் தடவிவிட்டு மடியுங்கள், உப்பு ஈரம் தங்குவது அங்கேதான்.

தீட்டுவது

மழுங்கிய கத்தரியை வீட்டிலேயே தீட்டலாம். போல்ட்டைக் கழற்றி, அலகை வைஸில் கட்டைத்துண்டு கொடுத்துப் பிடியுங்கள். தீட்ட வேண்டியது சாய்வான முகத்தை மட்டும். இரண்டு அலகும் உரசும் தட்டை முகத்தில் அரம் படவே கூடாது, பட்டால் நடுவில் இடைவெளி விழுந்து, அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் தகடு மடிந்துகொண்டே இருக்கும். சாய்வு ஏறக்குறைய 80 டிகிரி, பார்க்கக் கிட்டத்தட்ட செங்குத்துதான். சமையல் கத்தரிபோலக் கூராக்கினால் முதல் ஜி.ஐ. வெட்டிலேயே முனை பொடியும். இருக்கிற சாய்வையே பின்பற்றி, அடியிலிருந்து நுனிக்கு ஒரே திசையில் சன்ன அரத்தை இழுங்கள். ஆறேழு இழுப்பில் பளிச்சென்று ஒரே கோடு தெரியும். அரம் கடிக்காமல் வழுக்கினால் அலகு நன்கு பதப்பட்டது, அதற்கு எண்ணெய்க்கல். கிரைண்டரில் தீட்டாதீர்கள், சூட்டில் நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய்விடும்.

தீட்டியபின் தட்டை முகத்தை எண்ணெய்க்கல்லில் முழுக்கப் படியவைத்து ஒரே ஒருமுறை தேய்த்துப் பிசிறை எடுங்கள். மாட்டி, இறுக்கம் பார்த்து, பாலித்தீன் கவரை நுனியில் வைத்து வெட்டுங்கள். அறுந்தால் எண்ணெய் தொட்ட துணியில் சுற்றி, தரையிலோ குளியலறைச் சுவரிலோ வைக்காமல் அடுப்படிப் பரணில் வையுங்கள். மழைக்காலம் முழுக்க ஈரம் ஏறாத இடம் வீட்டில் அது ஒன்றுதான்.